பீரோவுக்குள் குடியேறிய பெட்டி

மார்ச் 3, திங்கள்

பெட்டி வந்துவிட்டது. ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவுதான். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் பதிவது மற்றொன்றிலும் பதிந்துகொள்ளும். ஆபீஸ் நெட்வொர்க் ஒயரில் மாட்டிவிட்டால் நாலு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரே லேபிள் டிசைனைத் திறக்கலாம். பெரிய கம்பெனிகள் வைத்திருந்த சமாச்சாரம், இப்போது எங்களைப் போன்ற லேபிள் அச்சகத்துக்கும் கட்டுப்படியாகிறது. இதை அத்தைக்குப் புரியவைக்க எனக்கு ஏழு மாதம் ஆனது.

இதுவரை இருந்தது ஒரே ஒரு பென் டிரைவ். தொலையாமல் இருக்க மர ஸ்கேலில் கட்டி வைத்திருந்தோம். டிசைன் போடும் கலர் அக்கா வேலை முடிந்ததும் "ஸ்கேல் வருது!" என்று கத்துவாள். அச்சு ஓட்டும் மெஷின் அண்ணன் எழுந்து வந்து வாங்கிப் போவார்.

முதலாளி என்ற முறையில் அத்தை கண்டிஷன் போட்டாள்: "ஒரு மாசம் பாக்கறேன். இதால ஒரு வேளை வேலை நின்னாலும் பெட்டி கடைக்குத் திரும்பிப் போயிடும். அதுக்கப்புறம் நீ இந்த ஆபீஸ்ல யோசனைன்னு வாயே திறக்கக் கூடாது."

முப்பத்திரண்டு வயதாகிறது எனக்கு. தன் அண்ணன் மகள் என்றால் அத்தைக்கு இளக்காரம்.

மார்ச் 4

காலையில் பெட்டியைக் காணோம். மேஜைக்கு அடியிலெல்லாம் தேடினேன். அத்தை சாவகாசமாக பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். மாலை ஆறு மணிக்கு முக்கியமானதையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டுவது அவள் வழக்கம். ரப்பர் ஸ்டாம்ப், நல்ல கத்தரிக்கோல், பஞ்சிங் மெஷின். நேற்று பெட்டியும் அந்த ஜோதியில் கலந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்ததைப் பிடுங்கி!

"பிடுங்கக் கூடாது அத்தை."

"நாலு பேரோட உழைப்பு உள்ள இருக்குன்னு நீதானே சொன்ன? அதை மேஜை மேல விட்டுட்டுப் போக எனக்கென்ன பைத்தியமா?"

சொன்னது நியாயம்தான். அதுதான் எரிச்சல்.

மார்ச் 7

சமரசம். பெட்டி பீரோவுக்குள்ளேயே குடியிருக்கும். மெஷின் அண்ணன் பீரோ முதுகில் ஓட்டை போட்டு ஒயர்களை வெளியே இழுத்துவிட்டார். சூடாகாமல் இருக்கப் பக்கவாட்டில் இன்னும் பத்து ஓட்டை. சாவி அத்தை இடுப்பில்.

மார்ச் 12

வேலை பறக்கிறது. கலர் அக்கா சேமித்த மறு நொடி அண்ணன் தன் இடத்திலிருந்தே திறக்கிறார். ஆனாலும் அக்கா "பெட்டியில போட்டுட்டேன்!" என்று கத்துகிறாள். அண்ணனும் எழுந்து வந்து பீரோ முன்னால் நிற்கிறார். பழக்கதோஷம்.

மார்ச் 15

பெட்டியில் நாலு ஃபைல்: "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "இதுதான் ஃபைனல்", "அத்தை பார்த்த ஃபைனல்". எல்லாம் ஒரே ஜாம் லேபிள். அத்தை பார்த்ததை அடிக்கலாம் என்றோம். அத்தை நாலையும் பார்த்திருக்கிறாளாம்.

மார்ச் 19

நாளை ஜாம் கம்பெனி மேனேஜர் வருகிறார். நாற்பத்தெட்டு லேபிள் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க அவர்கள் வேலை நமக்கு. அத்தைக்கு நாளைக்கென்று பார்த்துக் கண் டாக்டர். "நீ இருக்கியே" என்று வேறு சொல்லிவிட்டாள். தூக்கம் வருமா?

மார்ச் 20

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பத்தரைக்குப் பெட்டி செத்துவிட்டது. ஒரு கம்ப்யூட்டரிலும் ஒரு லேபிளும் இல்லை. பீரோ பூட்டியிருக்கிறது. அத்தை போனை அணைத்து வைத்திருக்கிறாள். மேனேஜர் பன்னிரண்டுக்கு வருகிறார்.

பீரோ ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை. கலர் அக்கா இன்னொரு ஓட்டையில் வாயை வைத்து ஊதினாள். "சூடாயிருக்கும்டி." அண்ணன் பீரோவை ஓங்கித் தட்டினார். அவர் மெஷினுக்கு அதுதான் வைத்தியம். ஐயோ, எல்லாம் போச்சா? ஏழு மாசம் கெஞ்சி வாங்கினேனே, சும்மா ஸ்கேலோட இருந்திருக்கலாமே!

பதினொன்றேகாலுக்கு "உடைங்கண்ணே" என்றேன். உடைத்தார். பெட்டி அழகாக உட்கார்ந்திருந்தது, உயிர் மட்டும் இல்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன் — ஓட்டை, பீரோ முதுகு, சுவர். சுவரில் சொருகியிருந்தது ஒரு போன் சார்ஜர். பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது.

சார்ஜர் என்னுடையது. பத்தரைக்கு நானே சொருகியது. கருப்பு ஒயர், ஏதோ பழைய ஃபேன் என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டேன். இத்தனை நாளும் "பிடுங்கக் கூடாது, பிடுங்கக் கூடாது" என்று பாடம் எடுத்த மகராசி!

மாட்டினேன். மூன்று நிமிடத்தில் நாற்பத்தெட்டும் வந்துவிட்டன. மேனேஜர் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போனார்.

"பெட்டி சூடாயிடுச்சுன்னு அத்தைகிட்டச் சொல்லிடு" என்றாள் அக்கா. அப்படிச் சொன்னால் பெட்டி போய்விடும். உண்மையைச் சொன்னால் என் மானம் போய்விடும். மானம் இந்த ஆபீஸில் ஏற்கெனவே பலமுறை போய்த் திரும்பியிருக்கிறது.

அத்தை நாலு மணிக்கு வந்தாள். கண்ணில் மருந்து, எல்லாம் மங்கல். தொங்கிய பூட்டை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்று விடாமல் சொன்னேன்.

"லேபிள் எதுவும் போச்சா?"

"ஒண்ணுகூடப் போகலை அத்தை."

"யார் உடைச்சது?"

அண்ணன் கையைத் தூக்கினார். அவளுக்குத் தெரியவில்லை.

"நான்தான் உடைக்கச் சொன்னேன்."

"அப்ப பெட்டி மேல ஒரு தப்பும் இல்லை."

"இல்லை."

"சரி. கண்ணு தெரியட்டும், பேசிக்கலாம்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 21

அத்தைக்கு இன்னும் கண் தெரியவில்லையாம். என்னைக் கடக்கும்போது மட்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

மாதம் முடிந்தது. காலையில் அத்தையே பெட்டியை எடுத்துத் திறந்த அலமாரியில் வைத்தாள். ஒயரைக் கழற்றும் முன் என்னிடம் கேட்டு, முறையாக அணைத்து. பிளக்கை நான் மாட்டிக் கொடுத்தேன்.

பீரோவுக்குப் புதுப் பூட்டு. ஆறு மணிக்கு ஸ்டாம்ப், கத்தரிக்கோல், பஞ்சிங் மெஷின் எல்லாம் உள்ளே போயின. பிறகு என் மேஜைக்கு வந்தாள்.

"அடுத்து என்னடி யோசனை வெச்சிருக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் போன் சார்ஜரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.