உள்ளங்கைத் தையல்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் வீடும் சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே, காரணம் சொல்கிறேன், கோபப்படாமல் படி. என் வலது கை நடுவிரல் மடக்கினால் நிமிராமல் மாட்டிக்கொள்கிறது என்று போனில் சொன்னேன் அல்லவா, அதற்கு ஆபரேஷன் செய்துகொண்டுவிட்டேன். உன்னிடம் சொன்னால் லீவு கேட்டுக்கொண்டு நிற்பாய், உன்னை ஒதுக்க உன் சர்ஜரி புரொபசருக்கு அது ஒரு சாக்காகிவிடும் என்று சொல்லவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, கை மரத்துப்போக ஊசி போட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் கீறி, அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். கூட யாரும்மா வந்திருக்காங்க என்று நர்ஸ் கேட்டாள், நான்தான் வந்திருக்கிறேனே, போதாதா என்றேன். சிரித்தாள், ஆனாலும் வெளியே போய்ப் பெஞ்சில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒற்றைக் கையோடு காபித்தூள் டப்பாவை முழங்காலுக்கு நடுவே இடுக்கித் திறக்கப் பார்த்துத் தரையெல்லாம் கொட்டினேன். தலை பின்ன முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டிருக்கலாம், ஆனால் அவள் பின்னி முடிப்பதற்குள் தெருவில் உள்ள அத்தனை பேர் கதையையும் கேட்க வேண்டும், அதற்குக் கலைந்த தலையே மேல். ரேடியோவை மட்டும் நாள் முழுக்க அணைக்கவில்லை, வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்கட்டுமே என்று.

போன தடவை பேசியபோது நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உன் புரொபசர் சாயங்காலம் பையன்களோடு ஷட்டில் ஆடப் போகிறார், எந்த ஆபரேஷனை யார் செய்வது, எந்த ஆய்வில் யார் பெயர் போடுவது எல்லாம் அந்த மைதானத்திலேயே முடிந்துவிடுகிறது, ராப்பகலாக நோயாளிகளின் விவரம் எடுத்தவள் நீ, கட்டுரையில் வந்தது இன்னொருவன் பெயர் என்றாய். போதும்மா, சர்ஜரியை விட்டுட்டு ஸ்கேன் பார்க்குற படிப்புக்கு மாறி நம்ம ஊருக்கே வந்துடறேன், இந்த மாசம் முடியறதுக்குள்ள எழுதிக் கொடுக்கணும், நீ என்ன சொல்ற என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்கவில்லை. மறுநாளே உன் அறையைத் திறந்து, ஜன்னலைத் துடைத்து, கட்டிலில் புது விரிப்புப் போட்டேன். உன் அப்பா போன பிறகு அந்த அறையில் நான் விளக்குப் போட்டதே இல்லை. அன்றைக்குப் போட்டேன்.

ஆபரேஷன் அன்று முகத்துக்கு முன்னால் ஒரு பச்சைத் துணியைக் கட்டி மறைத்தார்கள், காதை யாரும் மறைக்கவில்லை. பெரிய டாக்டர், அவரிடம் சர்ஜரி படிக்கும் ஓர் இளைஞன், ஒரு பெண், மூன்று பேரும் என் கையைச் சுற்றி நின்றார்கள். இங்க பாருடா, இந்த நரம்பு தெரியுதா, இதைத் தொட்டுடாதே, அப்பறம் அம்மா நம்மளை விரல் நீட்டித் திட்டக்கூட முடியாது என்று அவனுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். நல்ல ஆசிரியர்தான், எனக்கே புரிந்தது. அந்தப் பெண்ணிடம், நீ அம்மாகிட்ட பேசிட்டு இரும்மா, பயந்துடப் போறாங்க என்றார். நான் பயப்படவே இல்லை. அவள்தான் பாவம், என்னிடம் வந்து என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றாள், கண் முழுக்கத் துணிக்கு அந்தப் பக்கமே இருந்தது. இந்த மாதிரி விரல் கேஸெல்லாம் சேர்த்து ஒரு கட்டுரை எழுதிடுடா, சனிக்கிழமை ஷட்டில் முடிச்சுட்டு உட்காருவோம் என்றார் அவர். சார், அந்த விவரமெல்லாம் நான் எடுத்து வச்சிருக்கேன் என்றாள் இவள். அப்படியா, நல்லதாப் போச்சு, அவன்கிட்ட குடுத்துடும்மா என்றார். மகளே, ஊர் வேறு, டாக்டர் வேறு, ஷட்டில் மட்டும் ஒன்றாக இருக்கிறது.

தையல் போடும் நேரம் வந்தது, நீயே தைச்சுடுடா என்றார். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த குரல் ஒன்று உண்டு, உயர்த்தாமலே கடைசி பெஞ்சுவரை கேட்கும். அதில் கேட்டேன், டாக்டர், இந்தப் பெண் நன்றாகத் தைப்பாளா என்று. தட்டில் ஏதோ கருவியை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர், நான் பார்த்ததில்லையேம்மா என்றார். எத்தனை நாளாக உங்களிடம் படிக்கிறாள் என்றேன். ரெண்டு வருஷம் என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. அப்படியானால் என் கையில் பாருங்கள், அது எங்கும் ஓடிப்போகாது என்றேன். அந்த இளைஞன் சிரித்துவிட்டான், நல்ல பையன், நீ வந்து தை என்று தானே அவளுக்கு இடம் விட்டான். தைத்தாள். கைக்குள் இழுபடுவது மட்டும் தெரிந்தது. கடைசியில் அவர், ம், இவ்வளவு சின்னதாத் தைக்க எங்க கத்துக்கிட்ட என்று அவளையே கேட்டார்.

இதனால் எல்லாம் மாறிவிட்டது என்று நான் எழுதமாட்டேன், நீ நம்பவும் மாட்டாய். தையல் பிரிக்கப் போனபோது அவளே பிரித்தாள். சனிக்கிழமைக்குக் கூப்பிட்டாரா என்றேன். இல்லம்மா, நானே போய், சார், ஆஸ்பத்திரி ரூம்லயே உட்காரலாமா, கட்டுரையில என் பேரும் வரணும்னு கேட்டேன், பார்க்கலாம்னு சொல்லியிருக்கார் என்றாள். அந்தப் பார்க்கலாம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் தாமாகப் பார்த்திருக்க வேண்டியதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரம்தான். ஆனால் நீ துறை மாறினால் உன் புரொபசருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவரும் நீ தைப்பதைப் பார்த்தே இருக்க மாட்டார். உன் ஆஸ்பத்திரியில் உனக்காகக் கேட்க ஆள் இல்லையென்றால் வேறு ஊரில் இருக்கும் ஒரு பெண் சர்ஜனுக்கு வழி கேட்டு நீயே எழுது, வெட்கப்படாதே. அதன் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் வந்துவிடு, கதவு திறந்திருக்கும். ஆனால் அம்மா தனியாக இருக்கிறாள் என்பதை அதற்கு ஒரு காரணமாகச் சேர்க்காதே. அதை நான் அனுமதிக்க மாட்டேன்.

உன் கட்டில் விரிப்பை இன்று எடுத்து மடித்து வைத்துவிட்டேன். விரல் நன்றாக மடங்குகிறது. பெரிய விரிப்பு, அந்தப் பக்கம் பிடிக்க ஆள் இல்லாமல் ஓரம் சேரவில்லை, மூன்று தடவை பிரித்து மடித்தும் கோணல்தான். அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன்.

உன் கை நடுங்காமல் இருக்கட்டும், நீ தொடும் உடம்பெல்லாம் குணமாகட்டும், இதுவே என் ஆசீர்வாதம். மணிக்கணக்கில் நிற்கிறாய், அந்தப் பழைய செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கு. பதிலைக் கையால் எழுது, போனில் வேண்டாம், போனை வைத்த பிறகு வீடு இன்னும் அமைதியாகிவிடுகிறது.

என்றும் உன்
அம்மா