எச்சில் கையும் காக்கையும்

இன்று அமாவாசை. பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை எல்லாம் நானே செய்து, மொட்டைமாடிச் சுவரில் உனக்கு இலை வைத்தேன். கூப்பிட வாயெடுப்பதற்குள் ஒரு காக்கை வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. போய்ச் சேர்ந்த பிறகும் உனக்குப் பொறுமை வரவில்லை என்று சிரித்துக்கொண்டேன்.

காக்கையைப் பார்த்தால் உன் ஏச்சு நினைவுக்கு வராமல் இருக்குமா? கல்யாணமான புதிதில், பூக்காரியிடம் ஒரு முழத்துக்கு நான் பேரம் பேசியதைப் பார்த்துவிட்டு, "எச்சக்கையால காக்கா ஓட்டாத ஆள்கிட்ட மாட்டிக்கிட்டேன்" என்று உன் அக்காவிடம் சொன்னாய். என் காதில் விழட்டும் என்றே சொன்னாய். கையை உதறினால் நாலு பருக்கை காக்கைக்குப் போய்விடுமே என்று அஞ்சுகிறவன் நான் என்பது கடைசிவரை உன் கட்சி.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தாலும் எனக்கு அகராதிப் பைத்தியம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுவோம். கிரிவலப் பாதையில் மற்ற லிங்கங்களில் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடும் கூட்டம், குபேர லிங்கத்தில் மட்டும் அசையாமல் வரிசையில் நிற்கும். அங்கேதான் நம் சொல்லாராய்ச்சி. உலோபி, லோபம் என்ற வடசொல்லிலிருந்து வந்தவன் என்று ஆரம்பிப்பேன். கஞ்சன், பக்கத்து வீட்டு பாய் சொல்லும் கஞ்சூஸுக்குச் சொந்தமாக இருக்கலாம் என்பேன். கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறவன் கஞ்சன், இதற்கு எதற்கு அகராதி என்பாய். பிசினாறிக்கு நான் மூலம் தேடுவதற்குள், காசு பிசினாக ஒட்டிக்கொள்கிற கை இதுதான் என்று என் கையைப் பிடித்து முன்னால் நின்றவர்களுக்குக் காட்டுவாய். எனக்கு மானம் போகும். ஆனாலும் அடுத்த பௌர்ணமிக்கு இன்னொரு சொல்லோடு வருவேன்.

ஒருமுறை நீ சிரிக்காமல் சொன்னாய். "குடுக்காதவனுக்கு ஏன் இத்தன பேருன்னு தேடறீங்களே, பேரு வெச்சது யாருன்னு பாத்தீங்களா? கேக்க வந்து, வெறுங்கையோட திரும்பிப் போனவங்கதாங்க." நான் அன்றைக்கு வைத்திருந்த சொல்லைச் சொல்லவே இல்லை.

கீழே முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கும் செல்வியை நீதான் குறைந்த வாடகைக்கு வைத்தாய். இப்போது நம் தெருவில் முன்னறைகளெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கான காபிக் கடைகளாகிவிட்டன. போன வாரம் ஒருவர் வந்து அந்த அறைக்கு மூன்று மடங்கு வாடகை தருவதாகச் சொன்னார். உன்னிடம் மறைப்பானேன், மனசு கணக்குப் போட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

செல்விக்குக் கேட்டிருக்கிறது. மாடியேறி வந்து வாசலில் நின்றாள். "காலி பண்ணணுங்களா சார்? பொங்கலுக்குத் துணி ஜாஸ்தி வாங்கி வெச்சிட்டேன். அது வரைக்கும் டைம் குடுங்க, போதும்."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவள் படியிறங்கும்போது எனக்கு என்ன பெயர் வைத்துக்கொண்டு போவாள் என்று நினைத்துப் பார்த்தேன். அகராதியில் இருப்பதெல்லாம் போதாது என்று தோன்றியது.

"நீ எங்கயும் போவ வேணாம்மா. போய்த் தை" என்றேன்.

காபிக் கடைக்காரருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று தெருமுனையில் யாரிடமோ சொன்னாராம். அவரும் வெறுங்கையோடு திரும்பியவர்தானே? எனக்கு இப்படி ஒரு பெயர் கிடைக்கும் என்று நீகூட எதிர்பார்த்திருக்கமாட்டாய். எனக்கென்னவோ பிடித்திருக்கிறது.

உனக்கு வைத்த பிறகு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தக் காக்கை திரும்பி வந்து என் இலைக்கே தலையை நீட்டியது. சூ என்று கையை வீசினேன். சோறும் பருப்பும் ஒட்டியிருந்த கை. பருக்கைகள் தரையில் சிதறின. அது ஓடவில்லை, நிதானமாகப் பொறுக்கித் தின்றது. கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தின்று முடித்து அது என்னைப் பார்த்தது. இலையில் மிச்சமிருந்த சோற்றில் கையை அளைந்து, இன்னொரு தடவை நன்றாக உதறினேன்.