தகடு இல்லாத எந்திரம்

மார்ச் 4
நான் பார்த்துச் சேர்த்த ரோடு ரோலரை அண்ணன் பட்டியலிலிருந்து அடித்துவிட்டான். பழைய கட்டுமான எந்திரங்களைத் தேடி அலையும் நாற்பது பேர் பார்க்கிற வாட்ஸப் குழுவில், சொந்தத் தங்கை என்றுகூடப் பார்க்காமல்: "வேலிக்கு வெளிய நின்னு பார்த்ததெல்லாம் கணக்குல வராது. மெஷினோட கம்பெனி நம்பர் தகட்டு மேல தாளை வெச்சு பென்சில் தேய்க்கணும்." விதி எனக்குத் தெரியாதா? அவன் சொல்லச் சொல்ல எழுதியவளே நான்தான். உள்ளே நாய் இருந்தது என்று பதில் போட்டேன். சிரிப்புப் பொம்மை அனுப்பினான்.

மார்ச் 7
மூன்று முறை போன் செய்தான். அடிச்சு ஓயட்டும்.

மார்ச் 16
மீட்டர் ரீடிங் எடுக்கப் போன இடத்தில், மூடிக் கிடக்கும் கல்குவாரியின் கொட்டகைக்குப் பின்னால் — எக்ஸ்கவேட்டர்! வாளியை இரும்புக் கயிறு இழுக்கும் அந்தக் காலத்து ரகம். பட்டியலில் இந்த ரகம் ஒன்றுகூட இல்லை. அண்ணன் பதினொரு வருஷமாக இதற்குத்தான் நாயாய் அலைகிறான். கேபினுக்குள் செடி முளைத்திருந்தது. தகட்டின் துருவைச் சுரண்டி, தாள் வைத்துத் தேய்த்தேன்.

கிளம்பியவள் திரும்பி வந்தேன். மீட்டர் பெட்டி திறக்கிற ஸ்க்ரூடிரைவர் பையில் இருந்தது. நாலே ஸ்க்ரூ.

இனி அவன் வந்து ஓட்டையைத் தேய்க்கட்டும். அவன் வயிறெரிந்து முடித்த பிறகு என் தாளைக் குழுவில் போடுகிறேன்.

மார்ச் 23
கண்டுபிடித்துவிட்டான். படத்தோடு: "எந்தப் படுபாவி தகட்டைக் கழட்டினான்?" விழுந்து விழுந்து சிரித்தேன்.

மார்ச் 30
அண்ணி போன். குவாரி முதலாளி வண்டியைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறாராம். ஒரு அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளத் தயார், ஆனால் தகடு இருந்தால்தானாம். வெள்ளிக்கிழமை வரை தவணை.

"உங்கண்ணன் சரியா சாப்பிடக்கூட மாட்டேங்கிறார். உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?"

"எனக்கெப்படி அண்ணி தெரியும்? நான் வேலிக்கு வெளிய நிக்கிறவதானே."

நன்றாகத்தான் கேட்டேன். அப்புறம் ஏன் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை?

ஏப்ரல் 2
குழுவில் சொன்னால் திருடி என்பார்கள். அவனிடம் கொடுத்தால் — அவன் முகத்தில் முழிக்கணும். ச்சே! நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை; நானே போய் இருந்த இடத்தில் மாட்டிவிட்டு வருகிறேன். அவனுக்காக ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 3
ரீடிங் முடித்துப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. காலையிலேயே கேஸ் கட்டர் வைத்துவிட்டார்கள். முதலாளிக்கு என்ன அவசரமோ. கேபின் தரையில் கிடந்தது, வாளிக் கை இரண்டு துண்டாக. அண்ணன் கற்குவியல் மேல் உட்கார்ந்திருந்தான். நான் ஏன் வந்தேன் என்று கேட்கவே இல்லை.

"நான் பார்த்தப்ப தகடு இல்ல, என் பேர்ல சேராது. நீ ரீடிங் எடுக்க இந்தப் பக்கம் வருவியே. தகட்டோட பார்த்தியா? தேய்ச்ச தாள்கூட வேணாம், உன் வார்த்தை போதும். உன் பேர்ல ஏத்திடறேன்."

தகடு என் பையில்தான் இருந்தது.

"இல்ல," என்றேன். "பார்க்கல."

ஏப்ரல் 6
ரோடு ரோலரை என் பெயரில் திரும்பச் சேர்த்திருக்கிறான். பக்கத்தில் ஒரு குறிப்பும்: "உள்ளே நாய் இருந்தது."

"அடிச்சிடு. தகட்டைத் தொடாதது கணக்குல வராது" என்று எழுதி அனுப்பினேன்.