ஃபவுலுக்கு ஒரு கற்பூரச் சத்தியம்

3-5-81 ஞாயிறு

வெயில் தாங்கவில்லை. நாளைக்கு அக்னி நட்சத்திரம். வடாம் பிழிந்தது, பாதி காக்காய்க்கு. சாயந்திரம் ஸ்கூல் மைதானம். பேரன் ஏழுமலை ஆடும் ஃபுட்பால் மேட்ச் ஒன்றையும் நான் விட்டதில்லை. எலுமிச்சம்பழத் துண்டும் உப்பும் முந்தானையில் முடிந்துகொண்டு போனேன்.

இன்றைக்குப் போயிருக்கக் கூடாது.

பந்து போய்விட்டது. எதிர் டீம் சேகர் அதைத் தட்டிவிட்டுச் சும்மா நின்றான். ஏழுமலை கழுத்தைத் திருப்பி, பந்து போவதைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் காலைத் தூக்கினான். பூட்ஸோடு, முழங்காலுக்குக் கீழே. வெண்டைக்காய் நுனியை ஒடிக்கிற சத்தம். அவ்வளவு சின்னது. அப்புறம் அந்தப் பிள்ளை போட்ட கத்தல்.

ரெஃப்ரி விசில் ஊதிப் பேரை எழுதிக்கொண்டார். வெளியே அனுப்பவில்லை. "பந்துக்குத்தான் போனான், கால் மாட்டிக்கிச்சி" என்றார். அவர் நின்ற இடத்திலிருந்து இவன் முதுகுதான் தெரியும். நான் நேர் எதிரே, வேப்பமரத்தடி.

சேகர், சோடாக்கடை ச. மகன். அவள் பேரை முழுசாக எழுத மாட்டேன். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கொதித்த அன்று நெற்றியில் வைக்க ஒரு துண்டு ஐஸ் கேட்டுப் போனேன். "ஐஸ் தீந்துபோச்சி" என்றாள். மரத்தூளுக்குள் கட்டி பளபளத்ததை இந்தக் கண் பார்த்தது. மறுநாள் அவர் போய்விட்டார். பதினாறு வருஷம்.

4-5-81 திங்கள்

சேகரைக் கார் வைத்துப் புத்தூருக்குக் கொண்டுபோனார்களாம், எலும்புக் கட்டுக்கு. கீழ்க்காலில் ரெண்டு எலும்பும் போச்சு. இனி ஓட மாட்டான் என்று பேச்சு.

குழாயடியில்:

"அவன் காலையும் அதே எடத்துல ஒடிக்கணும்."

"கட்டுச் செலவ குடுக்கச் சொல்லு, போதும்."

"ஆட்டம்னா அடி படாதா? அப்ப ஊட்டுக்குள்ள குந்தி தாயம் ஆடச் சொல்லு."

"ஒரு வருசம் பந்துகிட்டயே வுடக் கூடாது."

என்னைக் கண்டதும் நின்றது. பாதிக் குடத்தோடு வந்துவிட்டேன்.

இதே வாய் எனக்கும் உண்டு. ஏழுமலையை அடித்தவர்கள் ஒருத்தன் விடாமல் ஞாபகம். போளூர் நெட்டையன், கணுக்கால். ஆரணிப் பையன், முழங்கையால் மூக்கு. செங்கம், கறுப்புச் சட்டை, வயிறு. ஒவ்வொரு தடவையும் "அவன் கால வாங்குங்கடா" என்று கத்தினவள் நான்தான்.

ச. தம்பிகள் ரெண்டு பேர் நம் தெருவில் சைக்கிளில். போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள். இறங்கவில்லை. வாசற்கதவைப் பகலிலேயே தாழ் போட்டேன்.

5-5-81 செவ்வாய்

டோர்ணமெண்ட் கமிட்டி தாமோதரன் வந்தான். மோர் கொடுத்தேன். தொடவில்லை.

"ஆயா, ரெண்டு டீமும் ஒத்துக்கிட்டாங்க. ஞாயித்துக்கெழம மாரியம்மன் கோயில்ல கற்பூரம் ஏத்துவோம். வேணும்னு ஒதைக்கலன்னு சொல்லி, கையால அடிச்சி அணைக்கட்டும். வுட்டுடறோம். இல்லன்னா ரெண்டு வருசம் எந்த மேட்சும் கெடயாது. மெட்ராஸ் மில்லுக்கும் எழுதிப் போட்டுடுவோம்."

அந்த மில்லில் ஏழுமலைக்கு அடுத்த மாசம் வேலை. டீமில் ஆடத்தான் எடுக்கிறார்கள். ஆட்டம் இல்லை என்றால் வேலை இல்லை.

என் மகள் கஸ்தூரி, இவனைப் பெற்றவள், மேட்ச் பார்க்காதவள். "இவ்ளோதானா? அடிச்சிட்டு வந்துடுடா" என்றாள்.

"அடிச்சிட்டாப் போச்சி" என்றான் அவன். நாலு தோசை சாப்பிட்டான்.

எங்கள் தெரு முனியனும் முன்பு, ஆடு திருடவில்லை என்று அதே கோயிலில் கற்பூரம் அடித்தான். புரட்டாசி வருவதற்குள் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சாகிற வரை கஞ்சி ஒழுகியது. ஆட்டை அவன் இழுத்துப் போனதை நான் பார்த்திருந்தேன்.

7-5-81 வியாழன்

காற்றே இல்லை. கஸ்தூரி ரேஷனுக்கு. கிணற்றடியில் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டேன்.

"பந்து போனத நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். அதுக்கென்னா?"

"அப்பறம் ஏன்டா?"

"மொத பாதியில சட்டயப் புடிச்சி இழுத்தான். ரெஃப்ரி கண்டுக்கல. அதுவும் இல்லாம, ஐஸ் தராதவ மவன்தானே? நீ சந்தோசப்படுவன்னு பாத்தா, மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்க."



"கற்பூரம் அடிக்காதடா கண்ணு."

"மில்லு வேலைய நீ தருவியா?"

"அம்மன் பாத்துக்கிட்டு இருக்காடா."

"அம்மனுக்கு ஃபுட்பால் தெரியுமா ஆயா?"

சிரித்தான். ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினேன். கையெல்லாம் சோப்பு நுரை.

8-5-81 வெள்ளி

கோயில். மஞ்சள், எலுமிச்சம்பழம். வேண்டிக்கொள்ள என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. வேலை கொடு என்றா, பொய்ச் சத்தியத்தைப் பொறுத்துக்கொள் என்றா?

ரெஃப்ரி அன்றைக்கே வெளியே தள்ளியிருந்தால் இவ்வளவு இல்லை. மனுஷன் கொடுக்கிற தண்டனைக்கு ஒரு அளவு உண்டு. ரெண்டு வருஷம் என்றால் ரெண்டு வருஷம், அப்புறம் முடிந்தது. அம்மன் கொடுத்தால் எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? காலோடு நிற்குமா?



10-5-81 ஞாயிறு



கோயில் வாசலில் செங்கல்மேல் கற்பூரம், கொட்டைப்பாக்கு அளவு. ரெண்டு டீமும் வந்தாயிற்று. ச. வந்திருந்தாள், தம்பிகளோடு. தாமோதரன் கொளுத்தினான். ஏழுமலை சட்டைக் கையை மடித்துவிட்டு முன்னால் வந்தான். குளித்து விபூதி பூசி, பார்க்க மாப்பிள்ளை மாதிரி.

"நான் சேகர வேணும்னு ஒதைக்கல" என்றான். வலது கையை ஓங்கினான்.

"அடிக்காத! வேணும்னுதான் ஒதச்சான். நான் பாத்தேன்."

என் குரல்தான். கூட்டத்தில் புகுந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். கற்பூரம் அணைந்திருந்தது.

"யம்மா, உனக்கு என்னா பைத்தியமா?" கஸ்தூரி.

"ஆயா, யோசிச்சிதான் பேசறியா?" தாமோதரன்.

"பந்து போனத பாத்துட்டு ஒதச்சான். ரெண்டு வருசம் போடு. இல்ல மூணு போடு. கற்பூரம் மட்டும் வேணாம்."

ரெண்டு வருஷம் என்று முடிந்தது. மில்லுக்கு நாளைக்கே எழுதிவிடுவார்களாம். ச. என் கிட்டே வந்தாள். கண்ணில் தண்ணீர். கையைப் பிடிக்க வந்தாள்.

"உனக்காவ சொல்லல. ஐஸ நான் மறக்கல" என்றேன். அப்படியே நின்றுவிட்டாள்.

வரும் வழியில் தாமோதரனிடம் கேட்டேன், கற்பூரம் எப்படி அணைந்தது? "காத்துல அணைஞ்சிருக்கும் ஆயா." ஒரு இலை ஆடாத வெயில்.

11-5-81 திங்கள்

கஸ்தூரி என்னிடம் பேசவில்லை. பாத்திரங்கள்தான் பேசுகின்றன.

ஏழுமலை படுத்தே கிடந்தான், சுவர்ப் பக்கம் திரும்பி. தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"நான் கத்தினப்ப உன் கை மேலதானேடா இருந்துது?"

சுவரோடு இன்னும் ஒட்டிப் படுத்தான்.

"உள்ளங்கையக் காட்டு."

"போ ஆயா, ஒண்ணுமில்ல." வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். இந்த வெயிலில் போர்வை.

மத்தியானம் எழுந்து வந்தான். ரசம் சோறு பிசைந்து வைத்தேன். பிறந்ததிலிருந்து கையால் சாப்பிட்ட பிள்ளை. இடது கையை நீட்டி ஸ்பூன் கேட்டான்.