நாலு கிலோ

பிப்ரவரி 6

டாக்டரம்மா இன்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். எடை பார்க்கும் நாளுக்கு முன்பு தண்ணீர் குடிக்காமல், பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி ஓடி உடம்பை வற்றவைப்பது இத்தோடு நிற்க வேண்டுமாம். "போன தடவை பாத்ரூம்ல மயங்கி விழுந்தே. அடுத்த தடவை கிட்னி மொத்தமா கைவிரிச்சிடும். குத்துச்சண்டையா, உயிரான்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

ஐம்பது கிலோ பிரிவில் இனி நான் இல்லை. மாஸ்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஐம்பத்து நாலுல ஆடு. நாலு கிலோதானே" என்றார்.

தானே!

பிப்ரவரி 9

வயிறு நிறையச் சாப்பிட்டேன். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இத்தனை நாளா கோழி கொத்துற மாதிரி கொத்திட்டிருந்தே. இப்பதான் மூஞ்சியில களை வந்திருக்கு." சிரித்து வைத்தேன்.

மார்ச் 2

டயர் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் பயிற்சிக்கூடத்தில், இன்று முதன்முறையாக ஒட்டகத்தோடு ஆடினேன். ஐம்பத்து நாலில் அவள்தான் ராணி. என்னைவிட ஒரு தலை உயரம். அந்தப் பட்டப்பெயரை அவளே சொல்லிச் சிரிப்பாள். என் வலது கைக் குத்து — அதை வாங்கி எத்தனை பேர் முட்டி மடங்கியிருக்கிறார்கள் — அவள் தாடையில் சுத்தமாக விழுந்தது. அவள் தலையை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு, "சூப்பர்க்கா!" என்றாள். கிண்டல் இல்லை. மனசாரப் பாராட்டினாள். அதுதான் வலித்தது.

மார்ச் 3

விலாவில் வலி. தும்மக்கூடப் பயம்.

மார்ச் 19

கிடங்கில் பார்சல் அடுக்கும்போது இடது தோள் ஏறவில்லை. சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "நேஷனல் டீம் தேர்வுப் போட்டி முடிஞ்சா ஒரு முடிவு தெரியுமில்லம்மா? உன் லீவுக்கு நான்தான் மேல பதில் சொல்லணும்." எனக்கு முப்பது ஆகப்போகிறது. அவர் சொல்லாமல் விட்டதும் காதில் விழுந்தது.

ஏப்ரல் 11

சதை வந்தது, பலம் வரவில்லை. கால் கனக்கிறது. முன்பெல்லாம் குத்திவிட்டு நான் நகர்ந்த பிறகுதான் எதிராளிக்கு விஷயமே தெரியும். மாஸ்டரிடம் கேட்டேவிட்டேன்: "உண்மையைச் சொல்லுங்க. இதுல எனக்கு இடம் இருக்கா?"

என் கையில் சுற்றியிருந்த துணிப்பட்டையை அவிழ்த்துக்கொண்டே, "வேகத்தை விட்டுடாதே" என்றார்.

நான் கேட்டது அதில்லையே மாஸ்டர்.

மே 8

தோற்றுவிட்டேன்.

மே 9

நேற்று எழுத முடியவில்லை. தேசிய அணிக்கான தேர்வு. இறுதியில் எதிரே ஒட்டகம். முதல் ரவுண்ட் என்னுடையது, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவள் கையை நீட்டுவதற்குள் உள்ளே புகுந்து வெளியே வந்தேன். இரண்டாவதில் அவள் அவசரப்படவில்லை. சும்மா மேலே சாய்ந்தாள். தள்ளினால் மறுபடி சாய்ந்தாள். ஒரு பீரோவைச் சுமந்துகொண்டு சண்டை போடுவதுபோல இருந்தது. மூன்றாவதில் விலாவுக்குக் கீழே ஒன்று. மூச்சு எங்க போச்சுன்னே தெரியல. முட்டி தரையில். நடுவர் எண்ணுகிறார். எழுந்துட்டேன், எழுந்துதான் நின்னேன், கையைத்தான் தூக்க முடியல. நிறுத்திட்டார். ஏன் நிறுத்தணும்? கொஞ்ச நேரம்தானே பாக்கி?

வீட்டில் அம்மா ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி என் விலாவில் வைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள். விரல்கள் மரத்துப்போயும் எடுக்கவில்லை.

மே 27

இன்றும் பயிற்சிக்குப் போகவில்லை. மாஸ்டரும் கூப்பிடவில்லை.

ஜூன் 14

ஒட்டகம் கிடங்கு வாசலுக்கே வந்துவிட்டாள். பார்சல் வண்டிகளுக்கு நடுவில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அக்கா, வெளிநாட்டுப் போட்டியில எனக்கு எதிரா முதல்ல வர்றவ உங்கள மாதிரியே குள்ளம். செம வேகம். ஆடிப் பழக இங்க வேற ஆளே இல்ல. வருவீங்களா?"

"குள்ளம்னு சொல்லிக் கூப்பிட்டா வரமாட்டேன்" என்றேன். இருவரும் சிரித்தோம். வருகிறேன் என்று எப்போது சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 20

இரண்டாவது ரவுண்டில் அவள் இடது கை கொஞ்சம் தாழ்ந்தது. கண் பார்த்ததும் என் கை போய்விட்டது. ஒட்டகம் தடுமாறிக் கயிற்றில் போய்ச் சாய்ந்தாள்.

"ஏய்!" என்று மாஸ்டர் கத்தினார். கையைத் தாழ்த்தியதற்கு அவளைத்தான் திட்டுகிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னை. "பாத்து. மெதுவா. அவளுக்குப் போட்டி இருக்கு."

என்னோடு ஆட வந்தவர்களிடம் இத்தனை வருடமாக அவர் சொல்லிவந்த அதே வார்த்தைகள்.

"சரி மாஸ்டர்" என்றேன்.