பெருமாளின் ரத்தம்

ஆம்பூர்
3.2.2025

அன்புத் தம்பி வசந்துக்கு,

போன்ல போட்டா நாளைக்கு ஊரே பார்க்கும், அதான் கடிதம். உன் அண்ணி ஹேமலதாகிட்ட வெளியூர்னு சொல்லிட்டு நம்ம தோல் டேனரி கெஸ்ட் ரூம்ல கிடக்கிறேன். குரங்கம்மை. டிரைவர் பெருமாளுக்கு வந்ததே, அதேதான். இருபது வருஷமா பச்சைத் தோல் நாத்தத்துல இருந்தவன், என் போர்வை நாத்தம் எனக்கே தாங்கல. உங்க லேப்ல இதுக்கு மருந்து பண்றீங்களாமே. ஒரு பாட்டில் எடுத்துட்டு வா. யாருக்கும் தெரிய வேணாம்.

உன் அண்ணன்,
சீனிவாசன்

வேலூர்
5.2.2025

அண்ணா,

முடியாது. அது டானிக் இல்லை. குரங்கம்மை வந்து குணமானவர் ரத்தத்தில் அந்தக் கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடி இருக்கும். அதில் நல்லதாக ஒன்றைத் தேடிப் பெருக்குகிறோம். இதுவரை எலிக்குத்தான் போட்டிருக்கிறோம்.

பெருமாள் கொப்புளத்தோடு நின்றபோது அவர் உட்கார்ந்த சீட்டைப் பிடுங்கி எரிக்கச் சொன்னாய். ஆளையும் விரட்டினாய். இப்போது உனக்கு மட்டும் ரகசியம் வேண்டுமா? கேவலமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. கண்ணில் பரவினால் பார்வை போகும்.

வசந்த்

ஆம்பூர்
7.2.2025

தம்பி,

உனக்கு வாய் ஜாஸ்தி. நீ தராட்டி போ. சரக்கு எங்க இருக்குன்னு நீயே எழுதிட்டியே, நடுவுல புரோக்கர் எதுக்கு? திரும்ப வேலை தர்றேன்னு சொல்லி பெருமாளை நெமிலியிலிருந்து வரவழைச்சேன். விஷயத்தைச் சொன்னதும், "இன்னா சார், அன்னிக்கு சீட்டை எரிச்ச, இன்னிக்கு ரத்தம் கேக்குற?"ன்னு எழுந்துட்டான். பக்கத்து ரூம்ல வச்சுப் பூட்டியிருக்கேன். ஞாயித்துக்கிழமை கம்பவுண்டர் வந்து ரெண்டு பாட்டில் எடுத்து எனக்கு ஏத்துவார். அவன் ரத்தம் என் உடம்புல ஓடணுமேன்னு நினைச்சா குமட்டுது. வேற வழி?

சீனிவாசன்

வேலூர்
8.2.2025

சீனிவாசனுக்கு,

ரத்தத்தை அப்படியே ஏற்றினால் குரங்கம்மை போகாது. குரூப் மாறினால் நீதான் போவாய். இதைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. ஆளைப் பூட்டத் தோன்றியிருக்கிறது.

இந்தக் கிருமியோடுதான் எனக்குத் தினம் வேலை. கொப்புளம், சீழ் எதுவும் எனக்கு அருவருப்பில்லை. உன் கடிதத்தை மடித்து வைக்கத்தான் கை கூசியது. உனக்கு அந்த வழியை எழுதிக் காட்டியதும் இதே கைதான்.

உன் கடிதத்தைப் போலீசில் கொடுத்துவிட்டேன். பெருமாளின் மனைவி கமலத்திடமும் சொல்லிவிட்டேன். அவர் அழவில்லை, உன் முகவரி கேட்டார்.

இதை உன் கையில் கொடுக்கும் நர்ஸ் மெர்சி ஆம்புலன்ஸோடு வந்திருக்கிறார். உனக்குத் தனி அறை ஒதுக்கியாகிவிட்டது. வைத்தியம் நடக்கும்.

சாவியை அவரிடம் கொடு. முதலில் பெருமாள் வெளியே வரட்டும். அப்புறம் நீ ஏறு.

வசந்த்