ஒன்றுமில்லை என்று சொன்னேன்

ஜூலை 8, செவ்வாய்

ஐந்தரைக்கே புழுக்கம். செங்கல்பட்டிலிருந்து முதல் பஸ், படாளம். கையில் ஐஸ் பெட்டி, முழங்காலில் வலி. எனக்கும் ஐம்பத்திரண்டு.

எலும்பு ஆய்வுக்கு ரத்தம் எடுக்கிற வேலை. அறுபது தாண்டிய பெண்கள், வெறும் வயிறு. எலும்பு கரையும்போது ரத்தத்தில் கலக்கிற ஒரு பொருளை அளக்கிறார்கள். அது கூடினால் எலும்பு முறிகிற வாய்ப்பும் கூடுமா என்று பார்க்க. ஒன்பது பேர் வந்தார்கள். இருவர் டீ குடித்துவிட்டார்கள், திருப்பி அனுப்பினேன். நான் லேப் ஆள், நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

சரோஜாம்மா, அறுபத்தேழு. நரம்பு பிடிபடவில்லை, மூன்று முறை குத்தினேன். முகம் சுளிக்கவில்லை. படிவத்தில் எழுதியது: மூன்று வருடம் முன்பு மணிக்கட்டு முறிவு.

வாங்க: பஞ்சு, தைலம், து. பருப்பு.

ஜூலை 10, வியாழன்

முட்டுக்காடு. மீன் விற்கிற பெண்கள், விடியுமுன்பே டீ. நாலு பேரிடம்தான் ரத்தம் கிடைத்தது. திரும்பி வர மூன்று பஸ். தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

படாளம். ஸ்கேன் சீட்டு கொடுக்க. எல்லோரும் செங்கல்பட்டு வந்து எலும்பு ஸ்கேன் எடுக்க வேண்டும். ரத்த முடிவை நாங்கள் சொல்லக் கூடாது, ஆய்வை நடத்தும் டாக்டர் மேடம்தான் சொல்வார்.

சரோஜாம்மா விடவில்லை. "களை எடுக்கிற நேரம் நர்சம்மா. ஒரு நாள் வேல பூடும். ரத்தத்துல இன்னா வந்துச்சு, அத்த சொல்லு."

வெயில். தலைவலி. இன்னும் ஐந்து வீடு பாக்கி. அவர் எண்ணை லேபில் பார்த்திருந்தேன். "கம்மியாத்தான் இருக்கு. ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அப்பறம் எதுக்கு ஸ்கேனு?"

சீட்டை அவர் கையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. மதியம் போன். சரோஜாம்மாவின் மகள் லதா. "அம்மா மோட்டார் கொட்டாயாண்ட வழுக்கி வுழுந்துட்சு. இடுப்பு எலும்பு போச்சுன்றாங்க."

இங்கே செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

சரோஜாம்மாவிடம் நான் சொன்னதை மேடத்திடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "அந்த ஒரு நம்பரை வச்சு தனி ஆளுக்கு எதுவும் சொல்ல முடியாதும்மா. அது கம்மியா இருந்தாலும் எலும்பு மெலிஞ்சிருக்கலாம். வயசு, ஸ்கேன், பழைய முறிவு, எல்லாம் சேர்த்துத்தான் பார்க்கணும். இவங்களுக்கு ஏற்கெனவே கை முறிஞ்சிருக்கு."

அதை எழுதியதே நான்.

ஆகஸ்ட் 9, சனி

ஆஸ்பத்திரி. ஆபரேஷன் முடிந்து சரோஜாம்மா படுத்திருந்தார். கால் அசைக்கப் பயம்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா."

"நீ சொல்லலன்னாலும் நான் போயிருக்க மாட்டேன். வுடு."

வெளியே வந்ததும் லதா சொன்னார்: "அது சும்மா சொல்லுது. ஸ்கேனுக்குப் போவணும்னு என்ன லீவு போடச் சொல்லி வச்சிருந்துச்சு. நீங்க சொன்னப்பறம்தான் வேணான்னுட்சு."

குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"எங்க தெருவுல நாலு பேராண்டயும் சொல்லிக்கீது. ரத்தம் நல்லா இருந்தா ஸ்கேன் வேணாமாம்னு."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

லீவு போட்டுவிட்டுப் படாளம். அந்த நாலு வீட்டுக்கும் போனேன். இரண்டு பேர் ஸ்கேனுக்குக் கிளம்பினார்கள். ஒருவர் வீட்டில் இல்லை. கடைசி வீடு தனம்மா. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

"சரோஜாவுக்கும் ஒண்ணும் இல்லன்னுதான சொன்ன?"

"ஆமாம்மா. தெரியாம சொல்லிட்டேன்."

மாடு குடித்து முடிக்கும்வரை நின்றேன்.

"பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

"பத்தேகாலுக்கு."

பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தார். "இரு. வரேன்."